மஞ்சக்குப்பத்து வீடு ஒன்று: எந்தப் பழக்கம் நிலைத்தது, எது நிலைக்கவில்லை

கடலூரில் மஞ்சக்குப்பத்துக்கும் செம்மண்டலத்துக்கும் இடையே ஒரு தெரு. தரைத்தளமும் மொட்டை மாடியும் மட்டும் உள்ள வீடு. கூரைப் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர அடி. பின்கட்டில் ஒரு பழைய உறை கிணறு, ஒரு போர், இரண்டு வாழை, ஒரு முருங்கை. வீட்டுக்காரி எனக்குப் பெரியப்பா மகள், அக்கா முறை. பள்ளி ஆசிரியை. அவர் கணவர், எனக்கு மாமா, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மாமாவின் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மகள் கல்லூரியில், மகன் ஒன்பதாம் வகுப்பில். இது தவிர, காலையில் பாத்திரம் துலக்கித் துணி அலச ஓர் அம்மா வருவார். குடும்ப அட்டையில் ஐந்து பேர்தான் இருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு அவரையும் சேர்த்து ஆறு பேர்.

2022-ஆம் ஆண்டு வாக்கில் இந்த வீட்டில் ‘தற்சார்பு’ ஆசை பிடித்தது. அப்போது ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போனில் மாடித்தோட்ட வீடியோக்கள் வேறு. ஒரே வீச்சில் எல்லாவற்றையும் ஆரம்பித்தார்கள்: மட்கு உரம், மழைநீர், மாடித்தோட்டம், பூந்திக்கொட்டையில் துணி துவைப்பது, சாம்பலில் பாத்திரம் துலக்குவது, செக்கு எண்ணெய், மின்சாரச் சிக்கனம், ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடுவது. இன்று அவற்றில் பாதிதான் மிச்சம். எது நிலைத்தது, எது விழுந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. புதிய பழக்கம் என்றால் வீட்டில் புதிய வேலை ஒன்று முளைக்கிறது என்று பொருள். அது யாருடைய வேலை என்று பேசி முடித்த பழக்கங்கள் எல்லாம் நிலைத்தன. யாரும் பேசாமல் அக்கா தலையிலோ வேலைக்கு வரும் அம்மா தலையிலோ விழுந்தவை சில மாதங்களில் போய்விட்டன.

தண்ணீர்

தண்ணீரில்தான் தொடங்கினார்கள். அதற்குக் காரணம் அத்தை, அதாவது மாமாவின் அம்மா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊருக்குள் பல நாள், கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது; மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டி காலி. தெருவில் ஒரு வீட்டில் மட்டும் அடி பம்பு இருந்தது. அந்தக் குடவரிசையைப் பற்றி அத்தை இன்னும் பேசுவார். “கரண்டு இல்லாம இருந்துடலாம், தண்ணி இல்லாம முடியாதுடா” என்பது அவர் கட்சி.

வீட்டில் மழைநீர்க் குழி ஏற்கெனவே இருந்தது. 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டியது. இந்த ஊரில் பல வீடுகளில் உள்ளது போலவே அதுவும் சட்டத்துக்காகத் தோண்டிய குழி. இருபது ஆண்டாக யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்தபோது சேறும் வேப்பஞ்சருகும் மேல்வரை இருந்தன. அள்ளிப் போட்டுவிட்டுக் கூழாங்கல், ஜல்லி, மணல் என்று புதிதாக அடுக்கி, வழிநீரை உறை கிணற்றுக்குத் திருப்பினார்கள்.

இங்கே ஒரு கணக்கு. ஆயிரம் சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக 80 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்தால், 1,200 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு வருடத்தில் சுமார் 89,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் போதும். வருடத்துக்கு 9,000 லிட்டர் சொச்சம். கைக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு. நம் பக்கம் மழை வேண்டிய அளவு பெய்கிறது. ஆனால் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்க இடம் வேண்டும், அந்த நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும்.

இடத்துக்கு 1,000 லிட்டர் தொட்டி ஒன்று வாங்கினார்கள். ஒருமுறை நிறைந்தால் சமையலுக்கும் குடிக்கவும் 40 நாள் வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது திரும்பத் திரும்ப நிறைவதால், பொங்கல் தாண்டும் வரை இந்த வீட்டில் 20 லிட்டர் கேன் வாங்குவதில்லை. காய்ச்சித்தான் குடிக்கிறார்கள்.

ஆள் விஷயம்தான் சுவையானது. மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் கூரையின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும் நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகுதான் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். அதற்கான வால்வை பிளம்பர் மொட்டை மாடியில், குழாய் இறங்கும் இடத்தில் வைத்துவிட்டார். மழை பெரும்பாலும் அக்காவும் மாமாவும் வேலையில் இருக்கும்போது வரும். வீட்டில் இருப்பது அத்தை. அவரால் மாடி ஏற முடியாது. முதல் பருவம் முழுக்கத் தொட்டியில் அழுக்குத் தண்ணீர்தான் சேர்ந்தது. அடுத்த வருடம் வால்வைச் சமையலறைப் பின்வாசலில், நின்றபடி எட்டும் உயரத்துக்கு இறக்கினார்கள். செலவு சில நூறு ரூபாய்தான். அன்றிலிருந்து அது அத்தையின் இலாகா. அவர் அதில் யாரையும் கைவைக்க விடுவதில்லை. வல்லுநர்கள் வடிகட்டியின் அடுக்குகளைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். வால்வு யார் கைக்கு எட்ட வேண்டும் என்று ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

கொசுவை விட்டுவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தொட்டியின் மூடி, வழிகுழாய் வாய் இரண்டிலும் நைலான் வலை கட்டியிருக்கிறார்கள். மாடியில் உள்ள வாளிகளை மகன் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்கிறான்.

கிணற்றுக்கு நீரைத் திருப்பியதன் பலனைச் சட்டென்று அளந்து காட்ட முடியாது. கடலோர நிலத்தடியில் உப்பு நீரின்மேல் நல்ல நீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பு நீரை அது தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. அப்படியானால் மேலே ஒரு மீட்டர் குறைந்தாலும் கீழே உப்பு அவ்வளவு ஏறும். தெருவில் எல்லோரும் ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சும்போது ஒரு வீடு மட்டும் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. ஆனாலும் ஆழமில்லாத அந்த உறை கிணற்றில் மழைக்குப் பிறகு சில மாதங்கள் நீர் உப்புக் கரிக்காமல் குடிக்கிற பதத்தில் இருக்கிறது என்கிறார் அத்தை. கிணற்றின்மேல் ஓர் அடி பம்பும் வைத்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு இந்தத் தெருவுக்குப் பொருந்தும். சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரை இதை வைத்து நம்பக் கூடாது. மணலும் ஜல்லியும் கலங்கலை வடிகட்டும். நீரில் கரைந்திருப்பதை எடுக்காது. அங்கே கூரை நீரை நேரே தொட்டியில் பிடிப்பது வேறு, கிணற்று நீரைக் குடிப்பது வேறு.

ஆர்.ஓ. இயந்திரம் கோடையில் ஓடுகிறது. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று வீடியோவில் சொன்னார்களாம். ஊற்றினார்கள், அவரையின் இலை விளிம்பெல்லாம் தீய்ந்துவிட்டது. போர்த் தண்ணீரிலேயே உப்பு; ஆர்.ஓ. தள்ளுவது அதன் செறிவு. இப்போது அது கழிவறைக்கும் தரை துடைக்கவும் போகிறது. குளியலறை நீர் மட்டும் வாழைக்கும் கல்வாழைக்கும்.

மட்கு

ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்ததில் சமையலறைக் கழிவு நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மாமாவுக்குச் சாண எரிவாயு மாதிரி ஏதாவது வைக்க ஆசை இருந்தது. ஒரு கன மீட்டர் கலனுக்குத் தினமும் 25 கிலோ சாணம் வேண்டும் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார். சமையலறைக் கழிவிலேயே ஓடும் சிறிய கலன்கள் உண்டு என்றாலும் ஒரு கிலோவில் டீ போடலாம், சோறு வடிக்க முடியாது.

பின்கட்டில் குழி தோண்டி மட்கவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் நாற்றம். நம் வீட்டுக் கழிவில் ஈரம் அதிகம்: காய்த்தோல், பழைய சோறு, டீத்தூள், எல்லாமே. ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்கு போட வேண்டும்; கரிமமும் தழைச்சத்தும் 25, 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்தால்தான் நாறாமல் மட்கும். சருகுக்கு என்ன செய்வது? எதிர்வீட்டில் பெரிய பாதாம் மரம். அவர்கள் தினமும் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா போய்க் கேட்டதும் சாக்கில் கட்டியே கொடுத்துவிட்டார்கள். தெருவில் காலைப் புகை நின்றது. இந்த வீட்டின் பழக்கங்களிலேயே அடுத்த வீட்டுக்கும் பயன்பட்டது அதுதான் என்பேன்.

அப்புறம் புழு. கொழுத்த, பழுப்பு நிறப் புழுக்கள் குழியில் நெளிவதைப் பார்த்து அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். மகள் தேடிப் படித்து, அது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு, வீட்டு ஈ மாதிரி நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும் என்று சொன்னாள். “அப்ப நீயே பாத்துக்கோ” என்றார் அக்கா. அப்படித்தான் ஞாயிறுதோறும் கிளறிவிடும் வேலை மகளுக்குப் போனது. ஈரம் கூடினால் சருகு, காய்ந்தால் புளித்த மோர் கலந்த தண்ணீர்.

மீன் கழிவுக்குத் தனி ஏற்பாடு. முதுநகர்த் துறைமுகத்திலிருந்து மத்தியும் சங்கராவும் வரும் வீடு இது. வாரத்தில் இரண்டு நாளாவது மீன் உண்டு. செதிலையும் குடலையும் மட்கில் போட்டால் பூனையும் பெருச்சாளியும் வந்துவிடும். வாழையடியில் ஓர் அடிக்குமேல் ஆழத்தில் புதைத்து மண் மூடுகிறார்கள். அது மாமா வேலை, ஏனென்றால் மீன் வாங்குவது அவர்.

2024 டிசம்பர் இந்தக் குழியை முடித்துவைத்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அது போதாதென்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, பெண்ணையாறு பொங்கிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இந்தத் தெருவில் முழங்கால் அளவு. பின்கட்டில் பாதி மட்கிய கழிவெல்லாம் மிதந்தது, கிணற்றிலும் கலந்தது. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதாரத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஆனால் வெள்ளம் புகுந்த நீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் அந்தக் கணக்கு. அந்தச் சில வாரங்களும் கேன் தண்ணீர்தான் குடித்தார்கள்.

அதன்பிறகு மட்கு மாடிக்கு ஏறியது. ஓட்டை போட்ட மூன்று டிரம்கள். ஒன்று நிறைவதற்குள் முந்தையது மட்கிவிடுகிறது. பிரச்சினை படிக்கட்டு. தினமும் பக்கெட்டை யார் தூக்கிப் போவது? இரண்டு வாரம் இதற்குச் சண்டை. கடைசியில் அக்கா ஒரு விதி போட்டார்: மாலையில் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போகிறவர் பக்கெட்டோடுதான் போக வேண்டும். ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையின் முதுகில் புதிய வேலையை ஏற்றிவிட்டார். இன்றுவரை ஓடுகிறது.

மாடியில் என்ன விளைகிறது

கீரைதான். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, கொஞ்சம் புதினா. அதோடு கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய். கைப்பிடிச்சுவர் ஓரம் பிரண்டையும் தூதுவளையும். மண், தென்னை நார்க்கழிவு, மட்கு மூன்றும் சம அளவு கலந்த பைகள். வெறும் மண்ணை நிரப்பினால் மாடிக்கும் பாரம், வேருக்கும் மூச்சுத் திணறும். ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் கைகொடுக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் பச்சை வலை கட்டினாலும் பாதி கருகும். ஐப்பசி அடைமழையில் வேர் அழுகும். கத்தரியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். முற்றினால் பிடுங்கி எறிவது.

இதை வைத்துப் பணம் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். உழவர் சந்தையில் கீரைக் கட்டு விலையை யோசித்தால், மாடியில் செலவிடும் உழைப்புக்குக் கூலிகூடத் தேறாது. அரிசி, பருப்பு, வெங்காயம், தேங்காய் எல்லாம் கடையில்தான். மாடித்தோட்டத்தால் வீடு தற்சார்பு ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு மளிகைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தோட்டத்தின் உண்மையான உபயோகம் வேறு: மட்கு போவதற்கு ஓர் இடம். அது இல்லாவிட்டால் மூன்று டிரம்மும் நிறைந்து பழக்கமே நின்றிருக்கும்.

மின்சாரம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. இந்த வீடு கோடையில் 560 வாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஞாயிறுதோறும் மீட்டரைக் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டத் தொடங்கினான். எது தின்கிறது என்று தேடியதில் விசிறிகள் மாட்டின. பழைய விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாகத் தின்னும் புதுவகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30. நான்கு விசிறி, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 130. ஒவ்வொன்றாக மாற்றினார்கள், வீடு 450-க்குள் வந்துவிட்டது. இதில் யாருக்கும் ஒரு துளி கூடுதல் வேலை இல்லை. அதனால்தான் பேச்சே இல்லாமல் நிலைத்தது.

சோலார் பற்றி மாமாவிடம் ஒரு தப்பான எண்ணம் இருந்தது. கூரையில் தகடு போட்டுவிட்டால் புயலுக்குப் பிறகும் வீட்டில் விளக்கு எரியும் என்று நம்பியிருந்தார். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த வகை, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் என்று பார்த்தால் இந்த வீட்டின் தேவைக்கு அந்த 2 கிலோவாட்டே போதும். விசிறி மாற்றாமல் அவசரப்பட்டிருந்தால் 3 கிலோவாட் வாங்கியிருப்பார்கள். வரிசை முக்கியம். இப்போதைக்கு விண்ணப்பம் போடவில்லை. புயல் காற்றுக்குத் தாங்கும்படி தகட்டைப் பிடிக்கும் சட்டத்தைக் கூரைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

புயலுக்கென்று 100 வாட் தகடு ஒன்றும் ஒரு பேட்டரியும் தனியாக வாங்கியிருக்கிறார்கள். மூன்று விளக்கு, ஒரு விசிறி சில மணி நேரம், போன் சார்ஜ். காற்று எச்சரிக்கை வந்தால் தகட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். ஃபெஞ்சலின்போது அத்தை அறையில் விளக்கு எரிந்தது இதனால்தான்.

விழுந்தவை

பூந்திக்கொட்டை போனது தண்ணீரால். போர்த் தண்ணீரில் நுரையே வராது. மாமாவின் வெள்ளைச் சட்டைகள் ஒரு மாதிரி பழுப்பாயின. இப்போது சோப்புத்தூளை அளந்து, பாதியாகக் குறைத்துப் போடுகிறார்கள்.

சாம்பல் போன கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காவின் தீர்மானம்: பாத்திரத்துக்கு இனிச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். துலக்குவது வேலைக்கு வரும் அம்மா. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “டீச்சரம்மா, சாம்பல் உங்களுது, வெடிக்கிற கை என்னுது.” அரை மணியில் முடியும் வேலை முக்கால் மணி ஆகிறது, அடுத்த வீட்டுக்குத் தாமதம் என்றும் சொன்னார். அக்காவுக்குச் சுருக்கென்றது. பழைய சோப்புக்கே திரும்பினார்கள், தேங்காய் நார் மட்டும் மிச்சம். பசுமை வாழ்க்கை பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கேள்வி எழுகிறது என்று தெரியவில்லை. ஒருவர் முடிவெடுத்து இன்னொருவர் கையால் செய்யப்படும் எளிமைக்கு என்ன பெயர் வைப்பது?

பைகள் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. மாமாவின் வண்டிக் கொக்கியில் மஞ்சப்பை நிரந்தரமாகத் தொங்குகிறது, மீனுக்கு எவர்சில்வர் தூக்கு. கடலை எண்ணெய்க்குக் கேன் எடுத்துக்கொண்டு செக்குக்குப் போகிறார். லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு ஆட்ட வேண்டியிருப்பதால் விலை அதிகம், ஆகவே தாளிக்க மட்டும். நாப்கின் விஷயத்தில் மகள் மாதவிடாய்க் கப்புக்கு மாறிவிட்டாள், அக்கா மாறவில்லை. அதில் யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

இப்போது வீட்டில் உள்ள சிக்கல் ஜூன் மாதம். மகள் மேற்படிப்புக்குச் சென்னை போகிறாள். ஞாயிறு கிளறும் வேலைக்கு ஆள் இல்லை. அக்கா செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், புழு பயம் இன்னும் போகவில்லை. மகனிடம் கேட்டார்கள். வாளி தேய்ப்பதை அப்பா எடுத்துக்கொண்டால் தான் மட்கைக் கிளறுவதாகச் சொல்லியிருக்கிறான். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை.